பிடிக்கும் என்று எழுதச் சொன்னாள்

கெரேர் என்ற ஸ்பானிஷ் சொல்லே போதும் என்று விட்டிருக்கலாம். அந்த மனுஷன் வேலையை விட்டிருக்க மாட்டான். பாத்திரம் கழுவிக்கொண்டே அக்கா மறுபடியும் அதையே நினைத்தாள்.

தங்கைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தைப் பொருத்த வெளிநாட்டிலிருந்து வந்த மெக்கானிக்குக்கு ஸ்பானிஷ் தவிர வேறு வராது. இவளுக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. இருந்தும் கையாலும் கண்ணாலும் பேசிப் பழகிவிட்டார்கள். அவன் ஊர் திரும்பிய பிறகுதான் வம்பு. போனில் தானாக வரும் மொழிபெயர்ப்பு இவளுடைய கேலியைத் திட்டாக்கிவிட, அந்த பாஷையில்தானே உன் பிழைப்பே ஓடுகிறது என்று அக்காவிடம் வந்து நின்றாள். அக்கா கப்பல் கம்பெனியில் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர்.

ஒருநாள், "உங்கள ரொம்பப் பிடிக்கும்னு எழுதுக்கா" என்றாள் தங்கை.

குஸ்தார் என்ற வினை அதற்குத் தாராளம். கொஞ்சம் கூட்ட நினைத்தால் கெரேர் இருக்கிறது. நண்பனிடமும் சொல்லலாம், காதலனிடமும் சொல்லலாம், மனம் மாறினால் பின்வாங்க இடமிருக்கும். அக்கா மூன்றாவதை எடுத்தாள். அமார். காதலைச் சொல்வது, ஆயுளுக்கும் சுமக்க வேண்டிய சொல். சரக்குக்கும் சுங்கத்துக்கும் எழுதியே காலம் போனவள், அந்த வினையை யாருக்கும் எழுதியதில்லை. தங்கைக்காகத்தான் எழுதுகிறேன் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள்.

இன்று அவனிடமிருந்து செய்தி: வேலையை விட்டாயிற்று, அடுத்த மாதம் வருகிறேன், இனி அங்கேதான். அக்கா வாசித்துச் சொன்னதும் தங்கைக்கு முகம் வெளுத்தது. அப்படி என்னத்தை எழுதித் தொலைத்தாய் என்று குடைந்தாள். அக்கா மூன்று வினைகளையும் மறைக்காமல் சொன்னாள்.

தங்கை நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு போனை நீட்டினாள்.

"கை தவறி வேற சொல் விழுந்துடுச்சுன்னு எழுதுக்கா. வலிக்காத சொல்லாப் பாத்துப் போடு."

"அவரு என்ன பார்சலா, விலாசம் தப்புன்னு திருப்பி அனுப்ப?"

"காதலிக்கறேன்னு நான் சொன்னேனா? நீதான சொன்ன?"

அந்த வரியைப் படித்துவிட்டு அவன் ஒரு நாள் முழுக்க ஒன்றும் எழுதாமல் இருந்ததும், பிறகு, இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை என்று எழுதியதும் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். தங்கைக்கு அதை வாசித்துக் காட்டவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டாள். போனை வாங்கித் தங்கையின் மடியிலேயே வைத்தாள்.

"நான்தான் எழுதினேன்னு வேணா அவர்கிட்ட சொல்றேன். கை தவறிடுச்சுன்னு மட்டும் எழுத மாட்டேன்டி."