புதினா இன்னும் காயவில்லை

கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவருக்குக் கடையில் ஒரே ஒரு கொள்கைதான்: ஓடுகிற கடிகாரத்தைத் திறக்கக் கூடாது. திறந்தால் வம்பை விலைக்கு வாங்கின மாதிரி. மகளின் பிரசவத்துக்குக் கிளம்பும்போது மனைவி, "என் புதினாவைப் பார்த்துக்கோங்க" என்று சொன்னதையும் அவர் அந்தக் கணக்கில்தான் எடுத்துக்கொண்டார். தண்ணீர் ஊற்றினார், ஒரு இலையைக்கூடத் தொடவில்லை. அவள் திரும்பும்போது தொட்டி விட்டது விட்டபடி இருக்க வேண்டும்.

பேத்தி பிறந்து, குப்புற விழுந்து, தவழவும் ஆரம்பித்துவிட்டாள். புதினா நெடுநெடுவென்று வளர்ந்து, பால்கனிக் கம்பியில் சாய்ந்து, உச்சியில் ஊதாப் பூ வைத்தது. பெருமை தாங்காமல் வீடியோ காலில் காட்டினார்.

"அட கடவுளே! ஒரு தடவைகூட வெட்டலையா?"

"நல்லாத்தானே இருக்கு. நீ வந்து வெட்டுவேன்னு..."

"பூத்தா இலையில ருசி போயிடும்ங்க. வெட்ட வெட்டத்தான் அது தழையும். உங்க கடிகாரமா என்ன, சும்மா பார்த்துக்கிட்டே இருக்க?"

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "இவ வேலைக்குப் போகணுமாம். குழந்தைய யார்கிட்ட விடுறது? நான் வர இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். நீங்க அதை வெட்டி, நிழல்ல காய வெச்சு, பாட்டில்ல போட்டு அனுப்பிடுங்க."

மகள் வீட்டில் இருப்பதே ஒன்றரை அறை. அவர் போய்க் கால் நீட்ட அங்கே இடமில்லை. "சரி" என்றார்.

பூக்களைக் கிள்ளிப் போட்டு, தண்டுகளை அடியில் கொஞ்சம் விட்டு வெட்டினார். அலசி, துணியில் ஒற்றி, இலைகளை உருவினார். வெயில் படாத, காற்று வருகிற இடம் வேண்டுமே! அப்படிக் காலியாக இருந்தது ஒரே இடம்தான்: கட்டிலில் அவள் பக்கம். அங்கே வேட்டி விரித்து இலைகளைப் பரப்பி, ஃபேனை மெதுவாக வைத்து, பக்கத்தில் ஒடுங்கிப் படுத்தார். புரண்டு படுக்கவே பயம்.

எப்போதாவது கூப்பிடுகிறவள் இப்போது தினமும் கூப்பிட்டாள்.

"காய்ஞ்சுதா?"

"இன்னும் இல்ல."

"புரட்டி விட்டீங்களா?"

"விட்டேன், விட்டேன்."

அந்தச் சாக்கில் அவர் முட்டிவலி, பேத்தியின் முதல் பல், மாப்பிள்ளையின் குறட்டை எல்லாம் வந்து போகும்.

கழுவிக் கவிழ்த்த பாட்டில் என்றைக்கோ காய்ந்துவிட்டது. இன்று ஓர் இலையை எடுத்தார். விரல் பட்டதும் சருகாக நொறுங்கியது. போன் அடித்தது.

"காய்ஞ்சுதா?"

தூளை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். "எங்க காயுது? இங்க ஒரே மேகமா இருக்கு."

எத்தனையோ வருஷம் புதினா காய வைத்தவள் அவள். பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"சரி, அவசரமில்ல" என்றாள். "நல்லாக் காயட்டும். நாளைக்குக் கேக்கறேன்."