அழுதியா, சிரிச்சியா, தூங்கினியா

“சலவைத் தெருவுக்கும் பத்துப் பெட்டி வேணும் சார்.”

கூட்டத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். பதினோரு பேனாவும் நின்றது.

கேட்டவள் நூலகத்தில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. சேர்ந்த அன்று காலையில் அம்மா அவள் சட்டைக் காலரை நீவிவிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “லீவு கேளு, சம்பளம் கேளு. தெருவுக்குன்னு மட்டும் எதையும் கேட்டுடாதே. அப்புறம் அவங்களுக்கு உன் மூஞ்சி தெரியாது, தெருதான் தெரியும்.”

கேட்காமல் இருக்க முடியவில்லை. பழைய நூலகத்தை இடித்து மாடி வைத்துக் கட்டப் போகிறார்கள். கட்டி முடிக்கும்வரை புத்தகங்களைப் போட்டுவைக்க இடமில்லை. ஆகவே தெருவுக்குப் பத்துப் பெட்டி, வீட்டில் வைத்துக்கொண்டு படிக்கட்டும், திறக்கிற சமயம் திருப்பித் தரட்டும் என்று முடிவாகியிருந்தது. பட்டியலில் பதினான்கு தெருக்கள். அவள் மூன்று முறை படித்துப் பார்த்தாள். அவள் தெரு இல்லை.

நூலகக் குழுத் தலைவர் மரக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். கோபமாக எதையும் மறுக்க மாட்டார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற கை.

“தப்பா எடுத்துக்காதேம்மா. உங்க தெருவுல ஈரம் ஜாஸ்தி. புத்தகம் கெட்டுடும்.”

“ஈரத்தைக் காயவைக்கிறதுதான் சார் எங்க தொழிலே.”

யாரோ சிரித்தார்கள். மூத்த நூலகர் உதட்டில் விரலை வைத்து “உஷ்ஷ்” என்றார். முப்பது வருடமாக அந்த ஒரு சொல்லை வைத்தே காலத்தை ஓட்டியவர். ஊரே அவரை உஷ்ஷு சார் என்றுதான் கூப்பிடும். அவள் அவரை முறைத்த முறைப்பில் அவர் விரல் தானாகக் கீழே இறங்கியது.

“சரி, நாலு பெட்டி எடுத்துக்கோ” என்றார் தலைவர். “புதுக் கட்டடத்துல ஒரு நிரந்தர வேலை இருக்கு. நல்ல பிள்ளையா நடந்துக்கிட்டா உனக்குத்தான். பார்த்துக்கோ.”

வீட்டு வாசலில் பெட்டிகளைப் பார்த்ததும் அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“கேட்டுட்டியா?”

“கேட்டுட்டேன்.”

“பட்டம் வாங்கினவ வாயை மட்டும் மூட மாட்டா.” அம்மா புத்தகப் பெட்டிகளைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். “எங்கடி வைக்கிறது இதையெல்லாம்?”

வீடுகளுக்குப் பின்னால் துணி காயப்போடும் வெளி இருந்தது. மருத்துவமனை, விடுதி எல்லாவற்றின் படுக்கை விரிப்புகளும் அங்கேதான் காயும். கயிற்றுக்குக் கயிறு வெள்ளை விரிப்புகள் தொங்கும்போது அவற்றுக்கு நடுவே அறைகள் உண்டாகும். காற்று வந்தால் ஓர் அறை கலைந்து பக்கத்தில் இன்னோர் அறை பிறக்கும். அந்த அறைகளுக்குள் புத்தகங்கள் போயின. வேலை முடிந்த மதியங்களில், யாரோ யாருக்கோ வாசிக்கிற குரல் எந்த விரிப்புக்குப் பின்னாலிருந்து வருகிறது என்று தெரியாமல் அவள் நடப்பாள். ஒரு விரிப்பை விலக்கினால் சித்தி பாலைவனத்தில் இருப்பாள். அடுத்ததை விலக்கினால் பக்கத்து வீட்டுக்காரர் கப்பல் கவிழ்ந்து நடுக்கடலில் தத்தளித்துக்கொண்டிருப்பார், கையில் சோப்பு நுரை உலராமல். வெயில் துணி வழியே வடிந்து பால்போல இறங்கும். பக்கம் திருப்புகிற சத்தமும் ஈரத்துணி அசைகிற சத்தமும் ஒன்றாகிவிடும். காலையில் பல் துலக்குகிற மாதிரி தவறாமல் வருகிற அவள் கோபம், அந்த வெள்ளைக்குள் நுழைந்ததும் எங்கே வைத்தோம் என்று மறந்த பொருள் ஆகிவிடும்.

எந்தப் புத்தகம் எந்த வீட்டில் என்ற கணக்கு அம்மாவிடம். அம்மாவுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் இருபது வருடத்தில் ஒருவர் சட்டை இன்னொருவர் வீட்டுக்குப் போனதில்லை. வீட்டுக்கு ஒரு நிற நூல், துணியின் மூலையில் ஒரு தையல், அவ்வளவுதான். அதையே புத்தகத்துக்கும் செய்தாள். படித்தவர் வீட்டு நிறத்தில் ஒரு நூலை முதுகுப்புறம் கட்டித் தொங்கவிட்டாள். திருப்பித் தருகிறவரை நிறுத்தி வைத்து விசாரணை வேறு.

“அழுதியா, சிரிச்சியா, தூங்கினியா?”

சிரித்தால் நூலில் ஒரு முடிச்சு. அழுதால் இரண்டு. தூங்கிப்போனால் முடிச்சே கிடையாது. தெரு அந்த முடிச்சுகளைத் தடவிப் பார்த்துத்தான் அடுத்த புத்தகத்தை எடுத்தது. “எனக்கு இன்னிக்கு ரெண்டு முடிச்சு தாங்காது, ஒண்ணு இருந்தா குடு” என்பாள் சித்தி.

எட்டு மாதம் இப்படிப் போனது. மாடி எழும்பியது. திறப்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தலைவர் பெட்டிகளைப் பார்வையிட வந்தார். மற்ற தெருக்களின் புத்தகங்கள் வந்த கோலத்தை ஏற்கெனவே பார்த்திருந்தார். ஒன்று கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தது, ஒன்றில் அட்டை மட்டும் மிச்சம். சலவைத் தெருவில் ஒன்றுகூடக் குறையவில்லை. மழையில் நனைந்ததைக்கூட மெல்லிய துணி போட்டு மிதமான சூட்டில் பக்கம் பக்கமாகத் தேய்த்து வைத்திருந்தார்கள்.

தலைவருக்கு உச்சி குளிர்ந்தது. சொந்தச் செலவில் அச்சடித்த தன் வாழ்க்கைக் கதையைத் தேடி எடுத்தார். அதில் பதினொரு நிறத்தில் பதினொரு நூல்கள் தொங்கின.

“அடேயப்பா, இத்தனை பேர் படிச்சாங்களா! ஆமா, இதுல ஏன் முடிச்சே காணோம்?”

அம்மா யோசிக்கவேயில்லை. “நல்ல தூக்கம்ங்க. ஒருத்தர் விடாம.”

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார். “இந்த நூலெல்லாம் அசிங்கமா இருக்கு. எல்லாத்தையும் வெட்டிட்டு, திங்கட்கிழமை பெட்டியைக் கொண்டுவந்துடு. வேலை உத்தரவு மேசையில இருக்கும்.”

“புத்தகம் இங்கேயே இருக்கட்டும் சார். இதையே ஒரு கிளை நூலகம்னு எழுதிடுங்க.”

“பார்த்தியா, மறுபடியும் தெருவுக்குன்னு கேட்கிறே. கட்டடம் இல்லாம கிளையா? சிரிப்பாங்க.”

அவர் போன பிறகு அம்மா விரிப்புகளை மடித்தாள். ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள். இருவரும் நெருங்கி வந்து, விலகி, மறுபடி நெருங்கினார்கள்.

“வெட்டலைன்னா வேலை போயிடும்மா.”

“தெரு முழுக்கச் சொல்லிட்டேனேடி, என் பொண்ணுக்கு நிரந்தர வேலைன்னு.” அம்மா அடுத்த விரிப்பை எடுத்தாள். பிறகு, எங்கோ பார்த்தபடி, “அந்தக் கடல் புத்தகத்தை மட்டும் குடுத்துடாதே. சித்தி எனக்கு இன்னும் படிச்சு முடிக்கலை. கப்பல்ல போனவங்க கரை சேர்ந்தாங்களான்னு தெரியணும்” என்றாள்.

அவள் மடிப்பை நிறுத்தி அம்மாவைப் பார்த்தாள். பிறகு மடித்து முடித்துவிட்டு, உஷ்ஷு சார் வீட்டுக்கு நடந்தாள்.

திங்கட்கிழமை புதுக் கட்டடத்தில் எல்லாம் கண்ணாடி. திறக்க முடியாத ஜன்னல்களுக்கு வெளியே மரங்கள் சத்தமில்லாமல் ஆடின. மேசையில் வேலை உத்தரவு. பக்கத்திலேயே கத்தரிக்கோல், ஒன்றிரண்டு நூல் மிஞ்சியிருந்தால் வெட்டுவதற்கு. தலைவர் முதல் பெட்டியைத் திறந்தார். காலி. இரண்டாவதும் காலி. மூன்றாவதும். நான்காவதில் ஒரு பதிவேடு இருந்தது.

“என்னம்மா விளையாட்டு இது?”

“தெருவுல எல்லாரும் இப்போ நூலக உறுப்பினருங்க சார். உறுப்பினர் அட்டை குடுக்கிறது என் வேலைதானே. புத்தகமெல்லாம் அவங்க பேர்ல இரவல் போயிருக்கு. பதினஞ்சு நாள் கெடு. வேற யாரும் கேட்கலைன்னா புதுப்பிச்சுக்கலாம்.”

“நான் கேட்கிறேன்!”

“தாராளமா. எங்க தெருவுக்கு வந்து வாங்கிக்குங்க. படிச்சு முடிச்சதும் எங்கம்மா ஒரு கேள்வி கேட்பாங்க, பதில் சொல்லிட்டுத்தான் போகணும்.”

தலைவர் பதிவேட்டைப் புரட்டினார். ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஜாமீன் கையெழுத்து வேண்டும். அத்தனை பேருக்கும் ஒரே கையெழுத்து. சின்னதாக, வரிசையாக, எறும்புபோல. அவர் மூலையில் நின்றிருந்த மூத்த நூலகரைப் பார்த்தார்.

“நீங்களுமா? இந்தத் தெருவுக்குப் போயி…” அவர் குரல் புதுக் கூரையில் மோதி எதிரொலித்தது.

உஷ்ஷு சார் உதட்டில் விரலை வைத்தார். இந்த முறை விரல் கீழே இறங்கவில்லை.

“உஷ்ஷ்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு முடிச்சு என்று நினைத்துக்கொண்டாள். மின்விசிறிக் காற்றில் வேலை உத்தரவு படபடத்தது. அது பறந்துவிடாமல் இருக்க, கத்தரிக்கோலை எடுத்து அதன்மேல் வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தானாகத் திறக்கிற கதவுக்கு முன்னால் போய் நின்றாள். அது திறக்க ஒரு கணம் யோசித்தது. அவள் யோசிக்கவில்லை. மதிய வெயிலுக்குள் இறங்கி, விரிப்புகள் அசைகிற திசையில் நடந்தாள்.