எங்கே வெட்டுவது

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது எங்கள் நார்வேத் தீவின் படகுத்துறையில். படப்பிடிப்புக்கு வந்தவர்களுக்காக ஊரே கூலியில்லாமல் கூடி வேலை செய்தது. வாஃபிள் என்கிற இனிப்பு அடை சுடுவது என் பங்கு.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'சாம்பல் நிறக் கடல் அன்று' — வேண்டாம். கடல் எங்கே போகப்போகிறது, ஆளைச் சொல்கிறேன்.

2.

ஆள், ஐலிவ். மீனவர். அவருடைய தங்கை டோர்குன் எழுதிய நாவலில் அண்ணன் ஒருநாள் படகோடு தீவைவிட்டே போய்விடுகிறான். நிஜத்தில் போனவர்கள் மற்றவர்கள். ஐலிவ் இருந்தார்.

நாவல் வந்தபோது ஊர் சொன்னது: "படிக்கலாம்." இதற்கு மேல் யாரையாவது புகழ்ந்தால் இங்கே உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். (ஐலிவ் அதுகூடச் சொல்லவில்லை.)

இப்போது அது சினிமா. அண்ணனாக நடிப்பவருக்குப் படகு ஓட்டத் தெரியாது. கடைசிக் காட்சியில் முதுகு மட்டும்தான் தெரியும் என்பதால் ஐலிவையே கேட்டார்கள்.

[இங்கே அவருடைய மனக்குமுறல் பற்றி ஒரு பத்தி இருந்தது. அவர் குமுறும் ஆள் இல்லை. அடித்துவிட்டேன்.]

3.

"கண்ணுக்கு மறையிற வரைக்கும் போங்க," என்றார் இயக்குநர் சிசெல், ஓஸ்லோக்காரர். "வெளிச்சம் போகுது. ஒரே தடவைதான்."

"போயிட்டு?"

"அவ்வளவுதான். அவன் திரும்பி வரமாட்டான்."

ஐலிவ் தங்கையைப் பார்த்தார். "பாக்குறவன் எல்லாம் நான் ஓடிப்போனவன்னு நினைப்பான். நான் இங்கதானே கிடக்கேன்?"

"கதைக்காக எழுதினேன். இருந்துட்டான்னு எழுதினா யாரு படிப்பா?"

"இருக்கிறதுதான்டி கஷ்டம்."

படகில் ஏறிவிட்டார்.

4.

படகு அலைத்தடுப்பைத் தாண்டியது. அந்த முதுகில் அப்படியொரு மிடுக்கு. பிறகு, சொன்னதற்கு நேர்மாறாக, படகின் முகப்பு மெல்ல ஊர்ப்பக்கம் திரும்பியது.

சிசெல் கேமராவை நிறுத்தச் சொல்லவில்லை. "உன் கதை, டோர்குன். நீயே சொல்லு. அவர் திரும்புறதுக்கு முன்னாடி வெட்டினா, போயிட்டார். வெட்டலேன்னா, இருக்கார்."

எனக்கும் இதே தலைவலி.

முடிவு அ: "வெட்டு" என்கிறாள் டோர்குன். படம் பரிசுகளை அள்ளுகிறது.

முடிவு ஆ: அண்ணனும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (எங்கள் ஊரிலா? நடக்கிற காரியமா!)

முடிவு இ: டோர்குன் கடலைப் பார்த்தபடி

இல்லை. நான் நிறுத்துகிற இடம்தான் முடிவு என்றாகிவிடும். ஆகவே வெட்டும் பொறுப்பு உங்களுடையது. ஐலிவ் போய்விட வேண்டும் என்றால் இந்த வரியோடு மூடிவைத்துவிடுங்கள்.

5.

மூடவில்லையா? சரி, கேளுங்கள்.

டோர்குன் துறையின் விளிம்புக்கு ஓடினாள். படகு நெருங்கியதும் ஐலிவ் வீசிய கயிற்றைப் பிடித்து, ஊர் மொத்தமும் கேட்கக் கத்தினாள்: "பாத்துக்குங்க, இது எங்க அண்ணன்! எங்கேயும் போகல!"

யாரும் அவள் உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை.

கேமரா அப்போது ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்காதீர்கள். உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளுங்கள். டோர்குன் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டாள்.