கோயம்புத்தூர் மெய்யன்

இரவு முழுக்கக் காந்தம் போட்டுவைத்த தண்ணீரைக் குடித்தால் நீரிழிவு என்கிற சீனி வருத்தம் போய்விடுமாம். தமிழ் இணையக் கலைக்களஞ்சியத்தின் 'காந்தநீர்' பக்கம் அப்படித்தான் சொன்னது. கண்டி டவுனில் ஒரு பாமசியில் மருந்து கொடுக்கும் வேலை பார்க்கும் நிருஷாவுக்கு அதை வாசித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 'குணமாகிறது' என்றிருந்ததைக் 'குணமாகும் என்பதற்குச் சான்று இல்லை' என்று மாற்றினாள். அடுத்த நாளே பழையபடி 'குணமாகிறது'. மாற்றியவர் பெயர் மெய்யன். ஊர் கோயம்புத்தூர் என்று போட்டிருந்தார்.

அதன்பிறகு ஒரே மல்லுக்கட்டு. அவள் ஆய்வுக் கட்டுரையைக் காட்டினால் அவர் யாரோ ஒரு சாமியாரின் வீடியோவைக் காட்டுவார். கட்டுகஸ்தோட்டை வீட்டில் பின்னேரத் தேத்தண்ணியோடு இதையெல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கணவன் வினோதனிடம் கொட்டித் தீர்ப்பாள். அவனுக்கும் சீனிதான்.

"விசரனோட என்ன கதை? விடுமப்பா" என்பான். அவள் நீட்டும் குளிசையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பான். எவ்வளவு நல்ல மனுசன் என்று நினைத்தாள், பாவம்.

போன கிழமை மெய்யன் நிர்வாகிகளிடம் முறையிட்டார். இந்தப் பெண் மருந்து விற்பவர், அதை மறைத்துப் பக்கச்சார்பாக எழுதுகிறார் என்று. அவர்களும் அவளைத் தடைசெய்துவிட்டார்கள். தன் தொழிலை அவள் அங்கே எங்குமே எழுதியதில்லை.

"அந்தாளுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?" என்று வினோதனிடமே கேட்டாள்.

"இன்ரநெற்றில தெரியாதது என்ன கிடக்கு" என்றான்.

எழுதத்தான் தடை, வாசிக்கலாமே. இன்று பாமசியில் ஆள் குறைந்த நேரம் பார்த்து அந்தப் பக்கத்தின் விவாதத்தைத் திறந்தாள். சான்று கேட்ட வேறொருவருக்கு மெய்யன் ஆவேசமாகப் பதில் எழுதியிருந்தார்: 'நானே சான்று. மனைவி தரும் குளிசையை நாக்குக்குக் கீழே வைத்திருந்து துப்பிவிடுகிறேன். மாதக்கணக்காகக் காந்தநீர் மட்டும்தான்.'

குளிசை. கோயம்புத்தூரில் எவன் மாத்திரையைக் குளிசை என்பான்? அதுவும் அவள் தொழில் தெரிந்தவன். வேறு யாரோ யாழ்ப்பாணத்தான் என்று மனதைத் தேற்றப் பார்த்தாள், முடியவில்லை. பக்கத்தில் இருந்து ஆறுதல் சொன்னவனே காட்டிக்கொடுத்திருக்கிறான். ஆத்திரத்துக்கு மேலே பயம் வந்தது. மாதக்கணக்காக மருந்தில்லாத உடம்பு.

பின்னேரம் வழக்கம்போலக் குளிசையை நீட்டினாள். அவன் போட்டுத் தண்ணீர் குடித்தான்.

"வாயைத் திறவுங்கோ, மெய்யன்."

அவன் திறக்கவில்லை. குளிசையைக் கைக்குள் துப்பினான்.

"என்ர அப்பா சீனிக்கு ஒழுங்காத்தானே குளிசை போட்டவர். பிறகேன் அவருக்குக் கால் போனது?"

"அதை என்னட்டைச் சொல்லியிருக்கலாமே. ஏன் என்னை மாட்டிவிட்டனீங்கள்?"

அவன் கைக்குள் இருந்த குளிசையைப் பார்த்தான். "நீர் இனி வேற பேரில வந்தும் அந்தப் பக்கத்தில கை வைக்காதையும்" என்றான். "அப்ப நான் குளிசை போடுறன்."

அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு இன்னும் எத்தனை வீடுகளில் துப்பிக்கொண்டிருக்கிறார்களோ. அவர்கள் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை, என்னைக் காப்பாற்று என்கிறான்.

"ஓம்" என்றாள்.

அவன் அந்தக் குளிசையை விழுங்கிவிட்டு நாக்கைத் தூக்கிக் காட்டினான். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் அவனுக்குச் சொன்ன முதல் பொய் அந்த 'ஓம்'.