ஒத்தப்பனைமேட்டின் பங்கு

ஒத்தப்பனைமேட்டுக் கிணற்றுத் தண்ணீரில் துவைத்த புடவை காய்ந்தால் மடிக்க வராது. பாஞ்சாலை அதைக் கொடியிலிருந்து இறக்கிச் சுவரோரம் நிறுத்தி வைப்பாள். அதுபாட்டுக்கு நிற்கும். பேச ஆளில்லாத சாயங்காலங்களில் அதன் எதிரே உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவதும் உண்டு.

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டிய அந்த மேட்டில் முப்பத்தோரு வீடுகள். முப்பது பூட்டிக் கிடந்தன. குடிக்கத் தண்ணீரில்லை என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியில் மகன் பிரபுவும் பெண்டாட்டியோடு வானூருக்குப் போய்விட்டான். குழாய் வந்தால் மறுநாளே வருகிறோம் என்று எல்லோரும் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். பாஞ்சாலை நம்பிக்கொண்டிருந்தாள்.

குழாய்க்கு அரசாங்க மானியம் வந்தது. ஆனால் குழாய் பதிக்கும் மூன்று கிலோமீட்டர் பள்ளத்தில் மூன்றில் ஒரு பங்கை ஊரார் வெட்டித் தரவேண்டும். நொடித்துப்போன ஊர் என்று அதிகாரி நேரில் பார்த்து எழுதினால், பத்தில் ஒரு பங்கு போதும். முந்நூறு மீட்டர். பார்க்க ராஜ்கமல் என்ற அதிகாரி வருவதாகச் சொன்னார்கள்.

வருகிறவருக்கு உப்புத் தண்ணீர் கொடுப்பதா? பாஞ்சாலை முதல் பஸ்ஸில் கீழ்புத்துப்பட்டு போய் ஒரு கேன் தண்ணீர் சுமந்து வந்தாள். ஊர் வெறிச்சென்று கிடந்தால் அசிங்கம் என்று முப்பத்தோரு வாசலிலும் பெருக்கிக் கோலம் போட்டாள்.

ராஜ்கமல் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே ஊரை ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். எழுதினார்.

"நல்லா இருக்குதும்மா ஊரு. வாசலுக்கு வாசல் கோலம், தண்ணியும் இளநி மாதிரி. இதுக்கெல்லாம் குறைக்க முடியாதுங்க."

பாஞ்சாலை பக்கத்து வீட்டுக் கதவைக் காட்டினாள்.

"கோலம் எல்லாம் நான் போட்டதுங்க சார். கதவுல பூட்டு தொங்குது, பாருங்க. தண்ணி கடையில வாங்கினது."

"ஏம்மா அப்படிப் பண்ணீங்க?"

"நீங்க வர்றீங்கன்னுதான்."

அவர் கிணற்றில் மொண்டு ஒரு வாய் குடித்தார். முகம் கால்மணி நேரம் ஒருபக்கமாகக் கோணியே நின்றது. கைதான் வேலை செய்தது. எழுதியதை அடித்து, பத்தில் ஒரு பங்கு என்று எழுதினார். ஊர்க்கூட்டத் தீர்மானம் வேண்டும் என்றார். பாஞ்சாலை பனையடியில் கூட்டம் போட்டாள். கை தூக்கினாள். மறுப்பவர் உண்டா என்று முறைப்படி சுற்றிலும் பார்த்தாள். இல்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

முந்நூறு மீட்டரை ஓர் ஆள் வெட்ட எத்தனை நாளாகும் என்று உத்தரவில் எங்கும் இல்லை.

மறுநாள் பள்ளத்தில் நின்றபடி பிரபுவுக்குப் போன் போட்டாள். அவனுக்கு லீவு இல்லையாம். குழாய் வரட்டும், வந்த மறுநாளே வந்துவிடுவார்களாம்.

"யாரெல்லாம்மா வெட்டறாங்க?"

"ஊரே எறங்கி வெட்டுதுடா," என்றாள்.

பொழுது சாய்வதற்குள் பதினோரு அடி வெட்டியிருந்தாள்.