அட்டையின் கடைசிக் கேள்வி

விமானம் ஏற இன்னும் நாற்பது மணித்தியாலம் இருந்தது. சிவகரன் அதை ஒரு தரம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துச் சொன்னான். பிறகு கைபேசியைப் பார்த்து இன்னொரு தரம் சொன்னான்.

“வியாழன் காலமை எட்டுக்கு ப்ளேன். நாளைக்குப் பின்னேரம் வான் வந்திடும். இந்த அட்டை அலுவலை முடிச்சாத்தான் நான் வயல் பக்கம் போகலாம்.”

“நான் என்ன சும்மாவா இருக்கிறன்? சிக்னல் வரவேணுமே,” என்றாள் சாரங்கா. அவனுடைய ஒரே மகள். ஒன்பதாம் ஆண்டு படிக்கிறாள். வீட்டில் ஆங்கிலம் வாசித்து விளங்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். கதிரையை யன்னலோரம் இழுத்துப் போட்டு, கைபேசியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள்.

அவன் மனைவி இராசமலர் நிலத்தில் அமர்ந்து கூறைச்சேலையை மூன்றாம் தரமாக மடித்துக்கொண்டிருந்தாள். சிவகரனின் தம்பி கிருசாந்தனுக்குச் சிங்கப்பூரில் கலியாணம். அவன் சுவிசில் அகதியாகப் பதிந்தவன். அந்த அகதிப் பத்திரத்தை வைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்ப ஏலாது. இருபது வருசமாக அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் கைபேசியில்தான் பார்க்கிறார்கள். பொம்பிளை வீட்டாருக்குச் சிங்கப்பூரில் சொந்தம் இருந்தது. அவனும் வரலாம், இவர்களும் போகலாம். கோயிலையும் அங்கேயே பேசி முடித்துவிட்டார்கள்.

இலங்கைப் பாஸ்போட்டுக்கு அங்கே விசா தேவையில்லை, ஒரு மாதம் மட்டில் நிற்கலாம் என்று கேட்டபோது இராசமலருக்கு மூச்சு வந்தது. விசா இல்லையென்றால் விண்ணப்பம் இல்லை. விண்ணப்பம் இல்லையென்றால் கேள்வி இல்லை. அந்த நம்பிக்கையில்தான் போவதற்குச் சம்மதித்தாள். விசா இல்லாமல் போகிறவர்களும் இணையத்தில் ஓர் அட்டை நிரப்பவேண்டும் என்பது முந்தாநாள்தான் தெரிந்தது. போய் இறங்குகிற நாளுக்கு மூன்று நாளுக்குள்தான் அதை அனுப்பலாமாம். நேற்று சாரங்கா திறந்த முதல் தளம் டொலர் கேட்டது. கிருசாந்தன் சுவிசிலிருந்து கத்தினான். “அது கள்ளத் தளமடி. உண்மையானது சும்மா. காசு கேட்டா உடனே மூடு.”

இன்று உண்மையானது திறந்துவிட்டது.

“முதல் அப்பா. பேர் மயில்வாகனம் சிவகரன்.”

“பாஸ்போட்டில இருக்கிற மாதிரியே அடி. தகப்பன் பேர் முன்னுக்கு.”

“தெரியும் அப்பா. எங்க தங்கிறது? சித்தப்பா அனுப்பின விலாசம். காய்ச்சல் இருக்கோ? இல்லை. தொழில் என்ன போட?”

“கமம். வயல் செய்யிறது.”

“இதில கமம் இல்லை.”

“பிறகு அவங்கள் சோறு தின்னுறேல்லையோ?”

சாரங்கா சிரித்துக்கொண்டு எதையோ தேடி அமத்தினாள். பிறகு சிரிப்பை நிறுத்தி ஒரு வரியை இரண்டு தரம் வாசித்தாள்.

“இது கடைசிக் கேள்வி. இதுக்கு முதல் வேற பேர் உள்ள பாஸ்போட்டோட சிங்கப்பூருக்குள்ள போயிருக்கிறீங்களோ எண்டு கேக்குது.”

“இஞ்ச இருக்கிற பரந்தனுக்குப் போறதுக்கே ஒரு கிழமை யோசிக்கிறவனிட்டக் கேக்கிற கேள்வியைப் பார்,” என்றான் சிவகரன். “இல்லையெண்டு போடு.”

“ஓம் எண்டு அமத்தினா இன்னொரு பெட்டி வருதப்பா. என்ன பேர் எண்டு எழுதட்டாம்.”

“ஏனடி அமத்தினனீ? மாத்து! உன்ர விளையாட்டில என்னைப் பிடிச்சு உள்ளுக்குப் போடப் போறாங்கள்.”

“மாத்திட்டன், மாத்திட்டன்.”

இராசமலரின் கை சேலையின் கரையில் நின்றது. எழுந்து குசினிக்குப் போனாள். தண்ணீர் வார்த்துக் குடித்தாள்.

இரண்டாயிரத்தாறு மாசி. சண்டை ஓய்ந்து வன்னிப் பாதை திறந்திருந்த காலம். அவளுக்கு இருபத்திரண்டு வயது. கனடாவுக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்சிக்காரன் ஒரு கிழமைக்குள் வெளிக்கிடச் சொன்னான். அவளிடம் பாஸ்போட் இல்லை. எடுக்க நேரமும் இல்லை. அதனால் வேறொருத்தியின் பாஸ்போட்டைக் கொண்டுபோனாள். முகம் பொருந்தியது. பெயரைப் பாடமாக்கியிருந்தாள். வழியில் சிங்கப்பூரில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் அதிகாரி படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பிறந்த திகதியைக் கேட்டாள். இராசமலர் தன்னுடைய பிறந்த திகதியைச் சொன்னாள்.

அவ்வளவுதான். ஒரு சின்ன அறை. பத்து விரலையும் மையில் உருட்டி எடுத்தார்கள். அடுத்த நாள் திருப்பி அனுப்பினார்கள். பாஸ்போட்டை வைத்துக்கொண்டார்கள். பத்து நாளில் உரியவளுக்குத் தபாலில் திரும்பி வரும் என்று ஏஜென்சிக்காரன் வாக்குக் கொடுத்திருந்த பாஸ்போட் அது.

அவள் பக்கத்தில் இதை அறிந்தவர்கள் இரண்டு பேர். அவளுடைய அம்மாவும், திரும்பி வந்தவளைப் பொலிசிலிருந்து வெளியே எடுத்து வவுனியாவில் வைத்திருந்த பெரியம்மாவும். இரண்டு பேரும் இப்போது இல்லை. சிவகரனுக்குத் தெரியாது. பாஸ்போட்டுக்கு உரியவளின் பெயரை அந்தக் கதையோடு சேர்த்து அவள் மனதுக்குள்கூட ஒருநாளும் சொன்னதில்லை.

வெளியே மாயாண்டியின் குரல் கேட்டது. பக்கத்து வளவுக்காரர். அவர்கள் திரும்பி வரும்வரை மாட்டையும் வயலையும் பார்ப்பதாக ஒப்புக்கொண்டவர்.

“தம்பி! நம்ம தண்ணி முறை வெள்ளிக்கிழமைதானுங்களே? ஒருக்கா வாய்க்கால் பக்கம் வந்து காட்டிட்டுப் போயிடுங்க. அப்புறம் சிங்கப்பூருல இருந்து போன் போட்டு என்னைய ஏசக் கூடாது!”

சிவகரன் சிரித்துக்கொண்டு படலையைத் திறந்து வெளியே போனான். இராசமலர் உடனே மகளிடம் வந்தாள்.

“சாரு, கெதியா என்ர அட்டையை முடிச்சு அனுப்பிவிடு. அப்பா வரமுதல்.”

“ஏன் அப்பா வரமுதல்?”

“சொன்னதைச் செய், பிள்ளை.”

மகள் அவளை ஒருமாதிரிப் பார்த்தாள். ஆனாலும் விரல்கள் ஓடின. பெயர், இலக்கம், விலாசம். கடைசிக் கேள்வி வந்தது.

“இல்லைதானே?”

“இல்லை.”

“சரி. இனி ஒரு உறுதிமொழி இருக்கு. சொன்னதெல்லாம் உண்மை, பொய் சொன்னா குற்றம் எண்டு. சரி எண்டு அமத்தட்டோ?”

இராசமலர் வாயைத் திறக்கக் கைபேசி அலறியது. கிருசாந்தனின் வீடியோ அழைப்பு. திரையில் அவன் முகம் வந்து நிறைந்தது. முன்தலை வழுக்கை விழுந்திருந்தது.

“அண்ணி! கூறை பத்திரமோ?”

“பத்திரம் தம்பி. என்ர மடியிலதான் வரும்.”

“அதுதான் வேணும். அங்க இறங்கினா பயப்பிடாதேங்கோ. ஒண்டும் இல்லை. முகத்தைப் படம் எடுப்பாங்கள், பெருவிரலை வை எண்டுவாங்கள். வைச்சா ஆள் ஆரெண்டு எல்லாம் வந்திடும்.”

“பழைய கைரேகையும் வைச்சிருப்பாங்களோ?” கேட்டுவிட்டு அவள் நாக்கைக் கடித்தாள்.

“ஏன் அண்ணி, முந்தி அங்க ஏதும் பாங்க் உடைச்சனீங்களோ?” அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “அவங்கள் ஒண்டையும் எறியமாட்டாங்கள். என்னோட வேலை செய்யிற பெடியன்ர மாமியாரைப் பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகு பிடிச்சவங்கள். அவவோட போன குடும்பம் முழுக்க எயாப்போட் வாங்கிலில ஒரு பகல் குந்தியிருந்து திரும்பி வந்ததுகள்.”

சாரங்காவும் சிரித்தாள். இராசமலர் சிரிக்க முயன்றாள்.

அவன் குரல் இறங்கியது. “அண்ணி, அம்மா அப்பா இல்லை. அக்கா இருந்திருந்தா அவதான் எனக்குத் தோழி. இப்ப நீங்கள்தான் அக்காவின்ர இடத்தில நிண்டு கூறைத்தட்டைத் தூக்கவேணும். பொம்பிளை வீட்டுக்காரர் உங்கட படத்தைப் பாத்திட்டு, இது மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவவோ எண்டு கேட்டவை. முகவெட்டு அப்பிடியே எண்டு.”

“சரி தம்பி. பேந்து கதைப்பம்.” அவளே அழைப்பை வெட்டினாள்.

திரையில் அட்டை திரும்ப வந்தது. இல்லை என்ற வட்டத்துக்குள் புள்ளி இருந்தது.

அந்த வாங்கிலில் சாரங்கா இருப்பதை அவள் கண்டாள். பக்கத்தில் சிவகரன், பட்டுவேட்டிப் பையோடு. கோயிலில் முகூர்த்தம் கடந்துகொண்டிருக்கிறது. மாப்பிள்ளை பக்கத்தில் ஒரு குருவிகூட இல்லை.

படலை சத்தம் போட்டது. சிவகரன் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தான். “முடிஞ்சுதோ?”

“இஞ்ச பாருங்கோ,” என்றாள் இராசமலர். “நீங்களும் பிள்ளையும் போயிட்டு வாங்கோ. நான் வரேல்ல.”

“என்ன?”

“எனக்குச் சுகமில்லை.”

“மத்தியானம் மாங்காய்க்கு உப்புத் தூள் போட்டுச் சாப்பிட்ட ஆளுக்கு என்ன சுகமில்லை?” அவன் அவளுடைய நெற்றியில் கை வைத்தான். அது குளிர்ந்திருந்தது. “ப்ளேனுக்குப் பயமோ?”

“இல்லை.”

“பிறகு? டிக்கட் எடுத்தாச்சு. கூறைத்தட்டை ஆர் தூக்கிறது? நானோ?”

“அம்மா தன்ர அட்டையை நீங்கள் வரமுதல் அனுப்பச் சொன்னவ,” என்றாள் சாரங்கா. கோள் சொல்கிற குரலில் இல்லை. பயந்த குரலில் சொன்னாள்.

சிவகரன் இரண்டு பேரையும் பார்த்தான். கதிரையில் அமர்ந்தான். பேசும்போது அவன் குரலில் கோபத்தைவிடக் களைப்பே இருந்தது.

“மலர், அவனுக்கு ஆர் இருக்கினம், சொல்லும். நான் ஒருத்தன் போய் அங்க மரம் மாதிரி நிக்கவோ? லட்சுமி இருந்திருந்தா உம்மட்ட இப்பிடிக் கெஞ்சத் தேவையில்லை.” சுவரில் அவன் தங்கையின் படம் இருந்தது. இரண்டு பின்னல், கழுத்தில் சின்னச் சங்கிலி. அவன் அதைப் பார்க்காமல் சொன்னான். “தம்பி அவளைக் கூப்பிட எல்லாம் சரிப்படுத்தி வைச்சவன். பாஸ்போட் கையில இருந்தது. பஸ்ஸில துலைச்சிட்டன் எண்டு வந்து நிண்டாள். புதுசு எடுக்கமுதல் பாதையைப் பூட்டினாங்கள். அது துலையாமல் இருந்திருந்தா அவள் கடைசிச் சண்டையில மாத்தளன் வரைக்கும் வந்திருக்கமாட்டாள். செல்குண்டு விழேக்க அவள் சுவிசில இருந்திருப்பாள்.”

இந்தக் கதையை இராசமலர் கலியாணம் கட்டிய நாளிலிருந்து கேட்கிறாள். திவச நாளில் கேட்டிருக்கிறாள். வெள்ளம் வந்த இரவில் கேட்டிருக்கிறாள். தையல் வகுப்பில் தங்கையோடு ஒன்றாக இருந்த சிநேகிதி என்றுதான் இந்த வீட்டில் அவளைப் பெண் கேட்டார்கள். கலியாணத்துக்கு முன் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தாள். பிறகு, பிள்ளை பிறந்த பின் என்று நினைத்தாள். கதை கேட்கும் ஒவ்வொரு தரமும் அவள் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விடுவாள்.

இன்றைக்கு எழும்பவில்லை.

“சாரு,” என்றாள். “ஓம் எண்டு மாத்து.”

“எதை?”

“கடைசிக் கேள்வியை.”

சாரங்கா தகப்பனைப் பார்த்தாள். அவன் முகத்தில் இன்னும் சிரிப்புக்கு இடம் இருந்தது.

“என்ன பகிடி இது?”

“பகிடி இல்லை. நான் சிங்கப்பூருக்குப் போனனான். கனடாவுக்கு எண்டு வெளிக்கிட்டு அங்க பிடிபட்டனான். விரல் அடையாளம் எடுத்தவங்கள். அது அவங்களிட்ட இருக்கும். இல்லையெண்டு போட்டுக்கொண்டு போனா உங்களையும் பிள்ளையையும் சேர்த்து மறிப்பாங்கள். ஓம் எண்டு போட்டா என்னை மட்டும்தான் மறிப்பாங்களோ, விடுவாங்களோ, எனக்குத் தெரியாது.”

“எப்ப?”

“ரண்டாயிரத்தாறு மாசி.”

“நீர் அப்ப வவுனியாவில எல்லே நிண்டனீர்? பெரியம்மா வீட்டில?”

“திருப்பி அனுப்பின பிறகுதான் அங்க போனனான்.”

அவன் எழுந்தான். திரும்ப அமர்ந்தான். “சரி. அந்தக் காலத்தில எத்தினை சனம் போனது. இதையேன் எனக்கு ஒளிச்சனீர்? கள்ளப் பாஸ்போட் எண்டா ஏஜென்சிக்காரன் தந்ததுதானே?”

“ஏஜென்சிக்காரன் தரேல்ல. ஒரு பிள்ளை தந்தது. தன்ர சொந்தப் பாஸ்போட்டை. பத்து நாளில வந்திடும் எண்டு நம்பித் தந்தது. நான் பிடிபட்ட பிறகு என்னைக் காட்டிக்கொடுக்காமல் வீட்டில பொய் சொன்னது.”

சாரங்காவின் விரல் ஓம் என்பதைத் தொட்டது. வெறுமையான பெட்டி திறந்தது. அதற்குள் ஒரு கோடு மின்னி மின்னி நின்றது.

“பேர் கேக்குது அம்மா,” என்றாள் மெல்ல.

இராசமலர் மடியிலிருந்த கூறைச்சேலையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். எழுந்து நின்றாள். சுவரைப் பார்த்து நின்றாள்.

“அடி. முதல், மயில்வாகனம்.”

சாரங்கா நிமிர்ந்தாள். “அது அப்பப்பான்ர பேரெல்லே?”

“ஓம்.”

சிவகரனின் கை கதிரையின் சட்டத்தை இறுக்கிப் பிடித்தது. “மலர்,” என்றான். வேண்டாம் என்பதுபோல இருந்தது.

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். இருபது வருசத்தில் முதல் தரமாக, அவனுக்கு நேராக, முழுப் பெயரையும் சொன்னாள்.

“மயில்வாகனம் சிவலட்சுமி.”