வலது கையில் புகை

நிறஞ்சலா தட்டில் இரண்டு கிளாசுகளை எடுத்து வைத்தபோது றெனால்ட் குசினி வாசலில் வந்து நின்று, இந்த முறை தானே ஊற்றப்போவதாகச் சொன்னார்.

"உங்களுக்கேன் அண்ணை கரைச்சல். முத்தத்தில போய் இருங்கோ, நான் கொண்டுவாறன்" என்றாள்.

"ஒவ்வொரு வருசமும் நீங்கள்தானே ஊத்திறனீங்கள். இண்டைக்கு அவனை ஒருக்காப் பேய்க்காட்டிப் பாப்பம்."

றெனால்டும் அவள் கணவன் யேசுதாசனும் பேசாலையில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கிளாஸ்கோவில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற றெனால்ட், ஆவணியில் மடுத் திருவிழாவுக்கு வரும்போதெல்லாம் இரண்டு சிங்கிள் மோல்ட் விஸ்கிப் போத்தல்கள் கொண்டுவருவார். ஒன்று அங்குள்ள தீவொன்றில் வடித்தது, புகை மணக்கும். மற்றது செரி வைன் இருந்த பீப்பாயில் கிடந்து இனித்தது. யேசுதாசன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மணந்து, ஒரு மிடறு குடித்து, எது எதுவென்று சொல்ல வேண்டும். மின்சார சபைக் கந்தோரில் வாழ்நாளெல்லாம் பில் போட்ட மனிதர் அந்த நேரத்தில் வேறு ஆளாகிவிடுவார். ஒரு முறை கூடப் பிழை விட்டதில்லை. மூன்று நாள் அடுப்புக்கு மேலே தொங்கின சட்டை என்பார், நத்தார் கேக்குக்கு ஊறப்போட்ட பிளம்ஸ் என்பார். றெனால்ட் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். தன் மனைவி றஞ்சிதம் நோயில் இறந்த பிறகு அவர் அப்படிச் சிரிப்பது இந்த முற்றத்தில் மட்டுந்தான்.

இந்த வருசம் தை மாதத்தில் ஒரு நாள் சோறு அடிப்பிடித்துக் கருகிப் புகைந்தது. குசினிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த யேசுதாசனுக்கு அது தெரியவில்லை. அன்றைக்குத்தான் தொடங்கியது. கொழும்பில் ஸ்கான் எடுத்தார்கள். நெற்றிக்குப் பின்னால் ஒரு கட்டி, மணம் போகிற நரம்பை நெரிக்கிறது, சுணங்காமல் வெட்டி எடுக்க வேண்டும் என்றார் டொக்டர். யேசுதாசன் ஒவ்வொரு சாட்டாகச் சொல்லித் தள்ளிப்போட்டு வந்தார். ஆவணி நெருங்கியதும் உண்மையான சாட்டைச் சொன்னார்.

"றஞ்சிதத்துக்கும் தலையிலதானே வந்தது. அவன் வந்திட்டுப் போகட்டும். நீர் ஒண்டும் சொல்லாதையும். புகைக்காரனை என்ர வலது கையில தாரும், காணும்."

இப்போது அவள் பார்த்துக்கொண்டு நிற்க, றெனால்ட் புகை மணக்கிற போத்தலையே இரண்டு கிளாசுக்குள்ளும் சரித்தார். சின்னப் பிள்ளையைப் போல அவளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, தட்டோடு முற்றத்துக்கு நடந்தார். அவள் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு பின்னாலே ஓடினாள். கணவனின் காதில் ஒரு சொல் சொல்ல முடிந்தால் போதும். ஆனால் யேசுதாசன் ஏற்கெனவே கண்ணை மூடி, இரண்டு கைகளையும் நீட்டியிருந்தார்.

வலது கையை மூக்கருகே கொண்டுபோய் நெடுநேரம் இழுத்தார். "இது தீவுக்காரன். அந்தப் பழைய புகை."

"ம்."

இடது கை. மணந்தார், குடித்தார், நாக்கைச் சப்பினார். "இது பீப்பாய்க்காரன். பிளம்ஸ். போன முறையை விட இனிப்புக் கூட, என்ன?"

றெனால்ட் சிரிக்கத் தொடங்கினார். மறுகணம், நண்பனும் பகிடி விடுகிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் பகிடி இல்லை. கண் மூடியபடியே, பரீட்சை எழுதிவிட்டு இருக்கிறவனைப் போலக் காத்திருந்தது. றெனால்டின் சிரிப்பு நின்றது. நிறஞ்சலாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரியாச் சொல்லிப்போட்டாய் மச்சான்" என்றார். பிறகு, தண்ணீர் எடுக்கப் போவதாகச் சொல்லி எழுந்தார். செம்பு மேசையில்தான் இருந்தது.

குசினியில் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிறஞ்சலா மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"என்ர றஞ்சிதமும் இப்பிடித்தான்" என்றார் றெனால்ட். "கறிக்கு உப்புக் கூடிப்போச்செண்டு நான் ஏசினனான். அவளுக்கு ருசி தெரியேல்லை எண்டு எனக்குத் தெரியாது. அவள் சொல்லயில்லை." சுவரிலிருந்து திரும்பினார். "நான் நிக்கேக்கையே கொழும்புக்குப் போவம். டிக்கெற்றை மாத்திறன்."

"அவர் ஓம் எண்டு சொல்ல மாட்டார் அண்ணை."

றெனால்ட் இனிப்புப் போத்தலையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். கதிரையை யேசுதாசனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அவர் வலது கையிலிருந்த கிளாசை மெதுவாக வாங்கி மணந்தார்.

"எப்பவும் நீதானே சொல்லிறனீ. இண்டைக்கு நான் சொல்லிறன், கேள். முதல்ல உப்புக்காத்து மாதிரி ஒண்டு வருது. அதுக்குப் பின்னாலதான் புகை. மழையில நனைஞ்ச பனைமட்டையை எரிச்சா வருமே, கண்ணைக் கரிக்கிற புகை, அது. பிறகு டிங்சர் மாதிரி, ஆசுப்பத்திரி…"

அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். யேசுதாசன் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய இமைகளுக்குக் கீழே ஈரம் கசிந்தது. தனக்குத் தெரிந்துவிட்டதென்று றெனால்டும் சொல்லவில்லை, ஏன் மறைத்தேன் என்று யேசுதாசனும் சொல்லவில்லை. பிறகு யேசுதாசன் இடது கையிலிருந்த கிளாசை மேசையில் வைத்தார்.

"மற்றதையும் சொல்லு."

றெனால்ட் புதிய போத்தலைத் திறந்தார். ஊற்றும்போது மேசையில் கொஞ்சம் சிந்தியது. நிறஞ்சலா வந்து அதைத் துடைக்காமல், மூன்றாவது கதிரையில் அமர்ந்தாள். சோழகக் காற்று மணலை வாரி வேலியில் அடித்துக்கொண்டிருந்தது. வெளியே ஒழுங்கையில் கழுதைகள் காற்றுக்கு முதுகைக் கொடுத்து ஒன்றையொன்று உரசி நின்றன. குட்டியொன்று தலையால் முட்டி முட்டி அவற்றின் நடுவே இடம் தேடியது.